எரிக்காமல் வைத்திருக்கிறோம்

எங்கள் ஊர்ச் சுடலையில் எங்கள் ஆட்களை எரிப்பதுதான் வழக்கம். என் கணவரையோ எரிக்காமல் மண்ணில் தாட்டு வைத்திருக்கிறோம். சந்தேகம் உள்ள சாவென்றால் உடலை எரிக்கக்கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்பது கோட்டுக் கட்டளை. என்றைக்காவது திருப்பித் தோண்டிப் பார்க்கவேண்டி வருமாம். அந்த என்றைக்காவது இன்னும் வரவில்லை. பொலிஸ் இந்த வழக்கைப் பார்க்கிற சீரில் அது என் காலத்தில் வருமோ என்பதும் எனக்குத் தெரியாது.

சந்தேகம் இருக்கிறது என்று சொன்னது நான்தான். அந்தச் சொல்லை விழுங்கியிருந்தால் அன்று பின்னேரமே அவர் சாம்பலாகியிருப்பார். அடுத்த நாள் சாம்பல் அள்ளுகிற காடாத்து, பிறகு எட்டுச் செலவு, அந்தியேட்டி, சாம்பலைக் கரைக்கக் கீரிமலைக் கடல் என்று எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை. ஆனால் அந்த நெருப்புக்கு ஏங்காத நாளும் இல்லை. இரண்டையும் ஒன்றாக எப்படிச் சுமக்கிறாய் என்று கேட்காதீர்கள், சுமக்கிறேன்.

அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. நான் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே குரலில் கத்துகிறவள். “இஞ்சாரும், நான் பாலர் வகுப்பில்லை” என்பார். அவருடைய கோபத்தின் உச்சம் அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பெடியள் பெண்சாதியை ‘நீ’ என்கிறார்கள். அவர் கடைசிவரை என்னை ‘நீர்’ என்றுதான் சொன்னார். வயலால் வந்து காலைக் கழுவ முன்னமே “நீர் சாப்பிட்டனீரோ?” என்று கேட்பார். தனக்குப் பசிக்கிறது என்பதை அவர் சொல்லுகிற விதம் அது.

போனில் கதைக்கவும் மாட்டார். வயலிலிருந்து ஒரு மிஸ்ட் கோல் வந்தால் தேத்தண்ணி கொண்டுவா என்று அர்த்தம். நான் போத்தலில் ஊற்றிக்கொண்டு சைக்கிளில் போவேன். வரம்பில் இருந்து, நெல்லைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லுக் கதைக்காமல் குடித்து முடிப்பார். சீனி காணாது என்றுகூடச் சொல்லமாட்டார். மரத்தோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அவரைப் பெற்ற மாமியிடம் எத்தனையோ தரம் முறைப்பட்டிருக்கிறேன். இப்போது எனக்கு அவருக்குப் பக்கத்தில் வரம்பில் இருந்து, அவர் பேசாமல் தேத்தண்ணி குடிப்பதை ஒரே ஒரு தரம் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. வீட்டில் இப்போதும் சத்தமில்லைத்தான். ஆனால் அது அவர் பேசாமல் இருக்கிற சத்தமின்மை இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மாமி, அவர், நான். மாமியும் மாமாவும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். ஜெயபுரம் தாண்டி உள்ளுக்குக் கிடக்கிற ஊர் எங்களது. பூநகரிக்குப் போகவும் பரந்தனுக்குப் போகவும் பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். வயலுக்கு அங்கால் ஆறு. மாரியில் தண்ணீர், கோடையில் மணல். அந்த மணலால்தான் வினை வந்தது.

டிப்பர்கள் வரத் தொடங்கின. பெர்மிட் உள்ள மணல் பெரிய றோட்டால் போகும். பெர்மிட் இல்லாத மணல் எங்கள் வாய்க்கால் கட்டால் போகும். டிப்பரின் பாரத்தைக் கட்டு தாங்குமா? இடிந்தது. வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் பாதையில் பாய்ந்தது. அவர் மண் போட்டுக் கட்டினார், திரும்ப இடிந்தது. பனங்குத்தியைக் குறுக்கே போட்டார், அதை இழுத்து எறிந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் டிப்பர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார்.

முறைப்பாடு கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்று, அவர் வீடு வந்து சேர மத்தியானம் திரும்பிவிட்டது. அவருக்கு முன்னம் டிப்பர் ஓட்டுகிற ஒருவன் எங்கள் வாசல் படலைக்கு வந்துவிட்டான். “அண்ணை பொலிசுக்குப் போனவராம்” என்று என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. எழுதின மை காயமுன்னம் செய்தி இவனுக்கு எப்படிப் போனது என்று விளங்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

“இனி உந்தச் சோலிக்குப் போகாதேங்கோ. அவங்கள் ஓடுற வழியால ஓடட்டும்.”

“அப்ப தண்ணி எந்த வழியால வாறது?” என்று கேட்டார். தண்ணீருக்கு வேறு வழி இல்லைத்தான்.

அது காலபோகம். நெல் கதிர் தள்ள முன்னம் குடலையாக நின்றது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். அவர் விடிய வெள்ளாப்பில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனார். நான் சமைத்து வைத்துவிட்டு முன்பள்ளிக்குப் போகும்வரை மிஸ்ட் கோல் வரவில்லை. தானே வந்து குடிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்றார். “டீச்சர், ஒருக்கா வாங்கோ” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவர் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார். பின்தலை உடைந்திருந்தது. அவர் திறந்துவிட்ட தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டி வாய்க்கால் கட்டோடு சாத்தினபடி நின்றது. போனைக் காணவில்லை.

பொலிஸ் வந்தது. நிலையத்துப் பெரியவர் ஜீப்பை விட்டு இறங்கி, சப்பாத்து நனையாமல் எட்டி நின்று பார்த்துவிட்டு, “யானை அடிச்சிருக்கு” என்றார். ஒரு வாய் வெற்றிலை சப்புகிற நேரம்கூட எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யானை வருவது உண்மைதான். ஆனால் யானை வந்தால் ஊருக்கே தெரியும். தென்னை விழும், வேலி பிரியும், நெல் சப்பளிந்து கிடக்கும், இலத்தி குவிந்து கிடக்கும். அன்றைக்கு நல்ல ஈரமண். வந்து நின்ற பொலிஸ்காரரின் சப்பாத்து முதற்கொண்டு பதிந்திருந்தது. யானையின் கால் மட்டும் பதியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். இவர்கள் இல்லாத யானையைக் கொண்டுவந்து எங்கள் வயலுக்குள் நிறுத்தினார்கள்.

ஆசுபத்திரியில் மரண விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, சாவில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். வயதான மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டு, “இல்லையெண்டு சொல்லு பிள்ளை. யானையெண்டால் நட்டஈடும் வரும், பின்னேரத்துக்கிடையில எரிச்சும்போடலாம்” என்று மெல்லச் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

“ஐயா, யானை போன் கொண்டுபோகாது. எனக்குச் சந்தேகம் இருக்கு” என்றேன்.

அந்த அதிகாரி என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். உடலை வெட்டிப் பார்த்த சட்ட வைத்தியர், பாரமான மொட்டைப் பொருள் ஒன்று பட்ட காயம் என்று சொன்னார். அது யானையின் காலா, இரும்புக் கம்பியா என்று தன்னால் உறுதியாகச் சொல்லமுடியாது என்றும் சொன்னார். நீதவான் உடலை எரிக்கவேண்டாம், புதையுங்கள் என்று கட்டளை போட்டார்.

வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. சுடலையில் விறகு அடுக்கியாகிவிட்டது. கட்டளையைக் கேட்ட மாமி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, சனத்துக்கு நடுவில் என்னைக் கேட்டார்.

“என்ர பிள்ளைக்கு நெருப்பும் இல்லாமல் பண்ணிப்போட்டியே.”

அவரில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாமா ஷெல் பட்டுச் செத்தபோது, பதுங்குகுழிக்குள்ளேயே அவரைக் கிடத்தி, மண்ணைத் தள்ளிவிட்டு ஓடியவர்கள் மாமியும் மகனும். கையால்தான் தள்ளினார்களாம். எல்லாம் முடிந்து திரும்பப் போய்த் தேடியபோது இடமே பிடிபடவில்லை. அதற்குப் பிறகு மாமி கடவுளிடம் வீடு கேட்கவில்லை, வயல் கேட்கவில்லை. இனி எங்கள் வீட்டில் யார் செத்தாலும் முறையாக ஒரு நெருப்பு, அதைத்தான் கேட்டார். அதைக் கெடுத்தது நான்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆண்கள் அவரைக் கொண்டுபோய்த் தாட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமியைக் காணவில்லை என்று தேடினேன். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் புகை எழும்பியது. ஆசுபத்திரியில் ஒரு கொன்ஸ்தாபிள் கடைப்பை ஒன்றில் போட்டு எங்களிடம் தந்த, அவர் சாகும்போது உடுத்திருந்த சாரத்தையும் சேட்டையும் மாமி எரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து தடியால் கிளறிக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். செத்தவரின் உடுப்பு வீட்டில் இருக்கக்கூடாது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சட்டம். மகனுக்கு இல்லாத நெருப்பு அவன் கட்டின சாரத்துக்காவது கிடைக்கட்டும் என்று அந்தத் தாய் மனம் நினைத்தது. நானும் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். அவருடையதென்று நெருப்புக் கண்டது அது ஒன்றுதான்.

அந்தியேட்டிக்கு வந்த குருக்கள், தருப்பையில் உருவம் செய்து எரித்துக் கிரியையை முடிக்கலாம், சாத்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். “புல்லை எரிக்கவோ நான் பிள்ளை பெத்தனான்?” என்று மாமி கேட்டார். குருக்கள் தருப்பையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். மற்றக் கிரியை மட்டும் நடந்தது. மாமி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்த இருப்பை என்னவென்று எழுத? சோறு நான் போட்டால் மாமி சாப்பிடுவார், ஆனால் கேட்கமாட்டார். குசினிக்குள் நான் நின்றால் அவர் வெளியே போவார். கோயிலில், சங்கக்கடையில், பஸ்ஸில் யாரைக் கண்டாலும், “என்ர பிள்ளை வேகாமல் கிடக்கிறான்” என்று அழுவார். என்னிடம் மட்டும் அழமாட்டார்.

நான் பொலிசுக்கும் கோட்டுக்கும் நடந்தேன். அவருடைய போனுக்கு நான் எடுத்தபோது சில நாள் மணி போனது. எங்கோ யாரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயர் விழுவதைப் பார்த்திருக்கிறான். ஓடிப்போய்ப் பொலிசில் சொன்னேன், தேடிப் பிடியுங்கள் என்றேன். “உது நெட்வேர்க் பிழையாயிருக்கும்” என்றார்கள். பிறகு மணி போவதும் நின்றது. அதன் பிறகும் நான் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண்குரல் மூன்று பாஷையிலும் இல்லை இல்லை என்று சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்திருப்பேன்.

என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். பிறகு எங்கள் சட்டத்தரணி அதை வாசித்துச் சொன்னார். ‘இது யானை வருகிற இடம் என்று மனைவி கூறினார்’ என்று இருந்ததாம். யானை வருமா என்று கேட்டார்கள், வரும் என்று சொன்னேன். ஓமென்றால் ஓமென்றுதானே சொல்லவேண்டும். டிப்பரைப் பற்றி நான் தொண்டை வற்றச் சொன்ன ஒன்றையும் காணோம்.

உடுப்பு எங்கே என்று நீதவான் கேட்ட வழக்குத் தவணையில், குடும்பத்தவர்கள் எரித்துவிட்டார்கள் என்று பொலிஸ் எழும்பிச் சொன்னது. யானை மிதித்திருந்தால் சேட்டில் சேறு இருந்திருக்கும், கம்பியென்றால் வேறு அடையாளம் இருந்திருக்கும், முக்கியமான சாட்சியை அவர்களே அழித்துவிட்டார்கள் என்று. அந்தப் பையை எங்கள் கையில் தந்தது யாரென்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். கோட்டு வாங்கிலில் இருந்தவர் தன் கையைத் தன் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

பெரியவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், எல்லாம் பழையவரிடம் கேளுங்கள் என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. டிப்பர்கள் கொஞ்ச நாள் நின்றன. பிறகு வேறு பாதையால் ஓடின. பிறகு பழைய பாதைக்கே வந்துவிட்டன. படலையில் நின்று சிரித்தவன் இப்போதும் என்னைக் கண்டால் டிப்பரை மெதுவாக்கி, தூசி படாமல் போகிறான். அது மரியாதையா, பயமா, குற்ற உணர்ச்சியா? நான் ஆராய்ந்து களைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நானே சில நேரம் நினைப்பேன், ஒருவேளை யானையாகவே இருந்துவிட்டால் என்று. காலடி பதியாமல் ஒரு யானை வாய்க்காலுக்குள்ளாலேயே வந்து போயிருக்கலாம். போன் தண்ணீரோடு போய்ச் சேற்றுக்குள் புதைந்திருக்கலாம். அப்படியென்றால் மணி போனது எப்படி என்று உடனே நானே மறித்துக் கேட்பேன். யானையாக இருந்தால் எவ்வளவு நல்லது. யானையோடு யாரும் கோபம் வைத்துக்கொண்டு இருப்பதில்லை. அழுதுவிட்டு விட்டுவிடலாம். மனிதன் அடித்திருந்தால்தான், அவன் எங்கேயோ வடை சாப்பிடுகிறான், மகளுக்குச் சடங்கு செய்கிறான் என்று என் நெஞ்சு கிடந்து வேகிறது.

போன வருடம் ஒரு தவணையன்று, கிளிநொச்சிக் கோட்டு வளவில் தமிழ்ச் சார்ஜன்ட் ஒருவன் எங்களிடம் வந்தான். எங்கள் நிலையத்துக்குப் புதியவன், வேறு பக்கத்து ஆள். மாமிக்குக் கன்டீனில் கதிரை இழுத்துப் போட்டான், தேத்தண்ணி எடுப்பித்தான். பொலிஸ் கதிரை தந்தால் ஏதோ கேட்கப்போகிறது என்பது எனக்கு அந்த நேரத்துக்குள் பழகிவிட்டது.

“டீச்சர், கேஸ் சும்மா இழுபடுது. உங்களுக்கும் அலைச்சல், அம்மாவுக்கும் ஏலாது. யானையெண்டு ஏற்றுக்கொள்ளுறன், வேற ஒருத்தரிலையும் சந்தேகமில்லை எண்டு ஒரு சின்ன வாக்குமூலம் தாங்கோ. தோண்டியெடுத்து எரிக்கிறதுக்கு நாங்கள் கோட்டிலை மறுப்புச் சொல்லமாட்டம். உங்கட முறைப்படி எல்லாத்தையும் செய்யலாம்.”

பிறகு மாமியின் பக்கம் திரும்பி, “அம்மா அதைத்தானே ஆசைப்படுறா” என்றான்.

மாமி எல்லாரிடமும் அழுத அழுகை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெற்ற வயிற்றின் எரிச்சலை எடுத்து விலைக்கு வைத்திருக்கிறார்கள். கன்டீன் என்றும் பாராமல் கத்தியிருப்பேன். ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு காலமும் செத்துக் கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம். அடுப்பு மூட்டுகிறபோது முகத்தில் படுமே, அதுபோல. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும் அது வேண்டும். அவருக்கு நெருப்பு வேண்டும், இந்தப் பெண்மணி என்னிடம் திரும்பவும் ஒரு நேரச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடவேண்டும், எனக்கு நித்திரை வேண்டும். நீட்டின பேனையை வாங்கிவிட்டேன்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன்” என்றார் மாமி. “எரிச்சாப் பிறகு, ஆரும் பெரிய டொக்டர் வந்து திருப்பிப் பாக்கவேணும் எண்டால் என்ன செய்வியள்?”

“அதுக்குத் தேவை வராது அம்மா.”

“வந்தால்?”

அவன் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தான். “பாக்க ஒண்டும் இருக்காது” என்றான்.

“அவன்ர சாரத்தை நான் எரிச்சனான். அது பெரிய சாட்சி, எரிச்சது பிழையெண்டு உங்கட ஆக்கள்தான் அண்டைக்கு எழும்பிச் சொன்னவை. சாரம் சாட்சியெண்டால், என்ர பிள்ளை ஆர்?”

மாமி என் கையிலிருந்த பேனையை வாங்கி மேசையில் வைத்தார்.

“அவன் கிடக்கட்டும். எழும்பு பிள்ளை, பஸ் போகப்போகுது.”

பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். மாமி கடைக்குப் போய் இரண்டு வடை வாங்கிவந்து ஒன்றை என் கையில் வைத்தார். அவர் போன பிறகு மாமி தன் கையால் எனக்கு ஒன்று தந்தது அன்றைக்குத்தான். நான் நின்ற நிலையிலேயே அழுதுகொண்டு வடையைச் சாப்பிட்டேன். “கண்டறியாத அழுகை, சனம் பாக்குது” என்று மாமி பேசினார். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தும் விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பற்றிக் கதைத்தோம். சின்னதில் அவர் ஆட்டுக்குட்டியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்த கதை, பத்து வயதுவரை ஒழுங்காகக் கதைக்காததால் பேய் பிடித்திருக்கிறதென்று நூல் கட்டின கதை. “ஊமையன் எண்டு நினைச்சன், நீ வந்து கட்டிப்போட்டாய்” என்று மாமி சிரிப்பார். சிரித்து முடிகிற இடத்தில் இரண்டு பேரும் படலையைப் பார்ப்போம். வருகிற ஆள் இல்லை என்பது தெரியும். கண் கேட்காது.

இந்த மாரி தொடங்க மாமி படுத்துவிட்டார். ஆசுபத்திரியில் காட்டினோம், வயது என்றார்கள். ஒரு பின்னேரம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“பிள்ளை, என்னை எரிக்காதை. அவனுக்குப் பக்கத்திலை தாட்டுவிடு.”

எனக்குக் கரண்டி நின்றுவிட்டது. நெருப்பு நெருப்பென்று என்னோடு அத்தனை காலம் கதைக்காமல் இருந்த மனுசி.

“பேய்க்கதை கதையாதேங்கோ மாமி. உங்களுக்கு என்ன கேஸோ?”

“அவன்ர அப்பாவைத் தனிய விட்டுட்டு வந்தனாங்கள். இவனும் தனியக் கிடக்கிறான். கேஸ் முடியுமட்டும் நான் பக்கத்திலை கிடக்கிறன்.”

“முடிஞ்சால்?”

“முடிஞ்சால் ரண்டு பேரையும் ஒண்டா எடுத்து எரி” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார், மிச்சக் கஞ்சியையும் பருக்கினேன்.

மாமி போனபோது சொந்தக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். சைவக் குடும்பத்து மனுசியைத் தாட்டுவிடுவதோ, ஊர் என்ன சொல்லும் என்று. “ஊர் எனக்கு ஒரு யானையைக் காட்டட்டும், நான் மாமியை எரிக்கிறன்” என்றேன். அவருக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டப் போனார்கள்.

பிரேதம் எடுக்க முன்னம் படலையில் பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே சார்ஜன்ட். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டான்.

“டீச்சர், அம்மாவை எரிக்காமல் புதைக்கப்போறியள் எண்டு கேள்விப்பட்டம். அவாவின்ர சாவிலை ஏதும் சந்தேகம் இருக்கோ?”

செத்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பயப்படுகிறார்களா?

“இல்லை சேர், இவாவின்ர சாவிலை ஒரு சந்தேகமும் இல்லை. மகன் தனியக் கிடக்கிறான் எண்டு துணைக்குப் போறா” என்றேன். அவன் மாமியின் காலடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்றேன். இப்போது நான் போகிறேன். முன்பள்ளி விட்டு வருகிற வழியில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய் நிற்பேன். ஊர் பார்க்கிறது, பார்க்கட்டும். கட்டு திரும்ப இடிந்துவிட்டது என்று சொல்வேன், இந்தப் போகம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வேன். அவர் எப்போதும்போல ஒன்றும் சொல்லமாட்டார். எரித்திருந்தால் எனக்கு இப்படி வந்து நிற்க ஒரு இடம் இருந்திருக்காது. எங்கள் ஆட்களில் பெண்சாதிக்குப் புருஷனின் இடம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை, எல்லாம் கடலோடு போய்விடும். வழக்கை நான் விடமாட்டேன், தவணைக்குத் தவணை போகத்தான் போகிறேன். ஆனால் அது வெல்லுகிற அன்றைக்கு மண்ணை வெட்டி அவரையும் மாமியையும் வெளியே எடுத்து, நானே முன்னுக்கு நின்று நெருப்புக்குக் கொடுக்கவேண்டும். அவ்வளவு காலம் கேட்ட நெருப்புத்தான். அதற்குப் பிறகு முன்பள்ளி விட்டு வருகிற வழியில் சைக்கிளை எங்கே சாத்துவேன்?